சிறிய கார் வளைவில் வெளியே தள்ளுகிறதா? அறிகுறி வாரியாகச் சஸ்பென்ஷன் பிழை நீக்கும் வழிமுறை

முன்சக்கர இழுவையில் ஓடும் சிறிய கார்களில் மொத்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதமோ அதற்கு மேலோ முன்னச்சின் மீதே அமர்ந்திருக்கிறது. இஞ்சினின் இழுவை, ஸ்டியரிங்கின் திருப்பம், பிரேக்கின் பெரும்பங்கு ஆகிய மூன்றையும் அந்த இரண்டு முன் டயர்களே சுமப்பதால், வேகம் மிகும்போது பிடிப்பை முதலில் இழப்பவையும் அவையே. ஸ்டியரிங்கை மேலும் திருப்பியும் கார் அந்த அளவுக்குத் திரும்பாமல் வளைவின் வெளிவிளிம்பை நோக்கி நகர்வதைத்தான் அண்டர்ஸ்டியர் என்கிறோம். தயாரிப்பாளர்கள் இதை ஓரளவு வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். வளைவில் பதறிப்போய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கும் ஓட்டுநருக்கு, பின்பக்கம் சறுக்கிச் சுழல்வதைவிட முன்பக்கம் வெளியே தள்ளுவது ஆபத்துக் குறைவானது. ஆகவே இங்கே நோக்கம் அண்டர்ஸ்டியரை அடியோடு ஒழிப்பதன்று. முன் டயர்கள் தரக்கூடிய பிடிப்பை முழுமையாகப் பெறுவதும், பின்னச்சுக்கு அதன் பங்கு வேலையைக் கொடுப்பதுமே ஆகும்.

இந்த வழிமுறை முன்பக்கத்தில் மெக்பெர்சன் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு) பின்பக்கத்தில் டார்ஷன் பீமும் (இரு பின்சக்கரங்களின் கைகளையும் முறுகக்கூடிய குறுக்குச் சட்டத்தால் இணைக்கும் அச்சு) கொண்ட கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வமைப்பையே கொண்டவை. எந்தப் பாகத்தை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், வளைவின் எந்தக் கட்டத்தில் கார் தள்ளுகிறது என்பதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நுழையும்போது தள்ளுவதற்கும், நடுவில் தள்ளுவதற்கும், வெளியேறும்போது தள்ளுவதற்கும் காரணங்கள் வேறு வேறு. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றை மோசமாக்கக்கூடும். எல்லைவரை ஓட்டிப் பார்க்கும் சோதனைகளைப் போக்குவரத்து இல்லாத, மூடப்பட்ட தளத்தில் மட்டுமே செய்ய வேண்டும். பொதுச்சாலை அதற்கான இடமன்று.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

டயரின் காற்றழுத்தத்தை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். சில கிலோமீட்டர் ஓடியதும் அழுத்தம் தானாகவே பல பிஎஸ்ஐ உயர்ந்துவிடும் என்பதால் சூடான டயரின் அளவு நம்மை ஏமாற்றும். முன் டயர்களில் பரிந்துரைக்கப்பட்ட அளவைவிட 3 பிஎஸ்ஐ குறைவாக இருந்தாலே பக்கச்சுவர் மடங்கி, திருப்பத்தில் ஒரு தயக்கம் தோன்றிவிடும். டயர் தேய்ந்து ரப்பர் இறுகிப்போயிருந்தால் சஸ்பென்ஷனில் எவ்வளவு செலவிட்டாலும் அது தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். நல்ல டயர் தரும் மாற்றத்துக்கு ஈடான மாற்றத்தை வேறு எந்த ஒற்றைப் பாகமும் தராது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, தேய்ந்துபோன பாகங்கள். காரை ஜாக்கியில் உயர்த்தி, தாங்கிக் கட்டைகளின் மீது இறக்கிய பிறகு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது கூடாது) முன்சக்கரத்தைக் கடிகார முகப்பின் 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து அசைத்தால் டை ராட் எண்டிலும் ஸ்டியரிங் ராக்கிலும் உள்ள ஆட்டம் தெரியும். 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து அசைத்தால் பால் ஜாயிண்ட்டிலும் வீல் பேரிங்கிலும் உள்ள ஆட்டம் தெரியும். சக்கரத்தின் அடிப்பகுதியை உடலோடு இணைக்கும் கையான லோயர் ஆர்மின் பின் புஷ்ஷை (அதன் மூட்டிலுள்ள ரப்பர் உருளையை) ஒரு நெம்புகோலால் மெல்ல நெம்பிப் பாருங்கள். ரப்பரில் விரிசல் விழுந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் சக்கரம் தன் கோணத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது என்று பொருள். ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. காரின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று பார்க்கும் பழைய சோதனை, முற்றிலும் செத்த ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்தது அதில் எளிதாகத் தப்பிவிடும்.

இவை அனைத்தும் சரியாக இருக்கும் நிலையில், அலைன்மெண்ட் அளவுகளை நான்கு சக்கரங்களுக்கும் அச்சிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள்தான் அடித்தளம்.

அறிகுறி: ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்பக்கம் உடனே பதில் தருவதில்லை

வளைவின் வாயிலிலேயே தயங்குகிறது, ஆனால் ஒருமுறை திரும்பிய பிறகு ஓரளவு நன்றாகவே போகிறது என்றால், நிலையான பிடிப்பில் குறையில்லை. பிடிப்பு உருவாக எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் குறை. இதில் முதல் சந்தேகம் டோ அளவின் மீது, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவின் மீது, விழ வேண்டும். முன்சக்கரங்கள் உள்நோக்கிக் குவிந்திருந்தால் கார் நேர்ப்பாதையில் அமைதியாக ஓடும், ஆனால் திரும்புவதற்குச் சோம்பும். மொத்த டோவைச் சுழியத்துக்குக் கொண்டுவருவதே அன்றாடப் பயன்பாட்டுக் காருக்கு நல்ல தொடக்கம். 1 முதல் 2 மி.மீ. வரை வெளிநோக்கி வைத்தால் நுழைவு கூர்மையாகும்; அதற்கு விலையாக நெடுஞ்சாலையில் கார் அங்குமிங்கும் அலைவதையும் டயரின் உள்விளிம்பு விரைந்து தேய்வதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது சந்தேகம் ஷாக் அப்சார்பர். வண்டி சாயத் தொடங்கி ஒரு நிலைக்கு வந்து நிற்கும் வரையிலான அந்தச் சிறு இடைவெளியில் பாரம் எவ்வளவு விரைவாக எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பவை ஷாக்குகளே. தேய்ந்த ஷாக்குகள் உள்ள கார் முதலில் சாய்ந்து, பிறகு தன்னை நிலைப்படுத்திக்கொண்டு, அதன் பின்னரே திரும்பும்.

மூன்றாவது காரணம் பாகங்களில் இல்லை, காலில் இருக்கிறது. பிரேக்கை மிகத் தாமதமாக, அழுத்தமாகப் பிடித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் டயரின் பிடிப்பு முழுவதும் பிரேக்குக்கே செலவாகி, திரும்புவதற்கு மிச்சமிருக்காது. அதற்கு நேர்மாறாக, பிரேக்கை முற்றிலும் விட்ட பிறகு திருப்பினால் முன்பக்கம் மேலெழுந்து பாரத்தை இழந்துவிடும். அழுத்தத்தைப் படிப்படியாகத் தளர்த்தியபடி திருப்பிப் பாருங்கள். அறிகுறி மறைந்துவிட்டால் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

அறிகுறி: வளைவின் நடுவில், ஒரே வேகத்தில் போகும்போது நிதானமாக வெளியே தள்ளுகிறது

இதுதான் உண்மையான அண்டர்ஸ்டியர், சஸ்பென்ஷன் மேம்பாட்டால் மிகுந்த பலன் கிடைக்கும் இடமும் இதுவே. இதைப் புரிந்துகொள்ள டயரின் ஒரு குணத்தை அறிந்திருக்க வேண்டும். டயரின் மீது பாரம் கூடக் கூட அது தரும் மொத்தப் பிடிப்பும் கூடுகிறது, ஆனால் அதே விகிதத்தில் அன்று; ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு சற்றே குறைந்துகொண்டு வருகிறது. புரிந்துகொள்வதற்காக மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னச்சின் இரண்டு டயர்களிலும் தலா 300 கிலோ பாரம் இருந்து, பிடிப்புக் கெழு 0.95 என்றால் மொத்தப் பிடிப்பு 570 கிலோ விசை. வளைவில் 150 கிலோ உள்டயரிலிருந்து வெளிடயருக்கு மாறி, 450 கிலோ சுமக்கும் வெளிடயரின் கெழு 0.88 ஆகவும், 150 கிலோ மட்டுமே சுமக்கும் உள்டயரின் கெழு 1.02 ஆகவும் மாறினால் மொத்தம் 396-உம் 153-உம் சேர்ந்து 549 தான். ஓர் அச்சில் பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எவ்வளவு அதிகமாக மாறுகிறதோ அவ்வளவு பிடிப்பை அந்த அச்சு இழக்கிறது.

காரில் மொத்தமாக எவ்வளவு பாரம் பக்கம் மாறும் என்பதை ஈர்ப்பு மையத்தின் உயரமும், சக்கரங்களுக்கு இடையிலான அகலமும், வளைவில் போகும் வேகமும் முடிவு செய்கின்றன. அதில் முன்னச்சு எத்தனை பங்கு சுமக்கிறது, பின்னச்சு எத்தனை பங்கு சுமக்கிறது என்பதைத்தான் ஸ்பிரிங்கையும் ஸ்டெபிலைசர் பாரையும் (ஓர் அச்சின் இரு பக்கங்களையும் இணைத்து, வண்டி சாய்வதை முறுக்கத்தால் எதிர்க்கும் தண்டு) மாற்றி நம்மால் தீர்மானிக்க முடியும். முன்பக்கத்தை விறைப்பாக்கினால் முன்னச்சு கூடுதல் பங்கைச் சுமந்து பிடிப்பை இழக்கும். பின்பக்கத்தை விறைப்பாக்கினால் முன்னச்சின் சுமை குறைந்து அதன் பிடிப்பு உயரும். வளைவில் வண்டி சாய்கிறதே என்று தடிமனான முன் ஸ்டெபிலைசர் பாரைப் பொருத்துபவர்கள், சாய்வு குறைந்தும் அண்டர்ஸ்டியர் கூடியதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதல் மேம்பாடு பின்னச்சுக்கான ஸ்டெபிலைசர் பார். டார்ஷன் பீம் உள்ள கார்களில் இது பெரும்பாலும் இரண்டு பின்தொடர் கைகளுக்கும் இடையே போல்ட்டால் பிணைக்கப்படும் கூடுதல் தண்டாகவே வருகிறது. திண்மமான தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பதை வாங்குமுன் நினைவில் கொள்ளுங்கள். 20 மி.மீ. தண்டை விட்டு 22 மி.மீ. தண்டுக்குப் போனால் விட்டம் 10 சதவீதமே கூடினாலும் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடுகிறது. கிடைப்பதில் மிகத் தடிமனானதைத் தேர்ந்தெடுக்கும் ஆசையை இந்தக் கணக்கு அடக்க வேண்டும். துளைகளை மாற்றி விறைப்பைச் சரிசெய்யக்கூடிய தண்டு கிடைத்தால் அதையே வாங்கி, மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்குவது நல்லது.

இரண்டாவது மேம்பாடு முன் கேம்பர், அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம்; சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்வதே உட்சாய்வு, அது மைனஸ் அளவாகக் குறிக்கப்படும். மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில் சக்கரம் மேலே அமுங்கும்போது உட்சாய்வாகக் கிடைக்கும் கேம்பர், வண்டி சாய்வதால் இழக்கும் கேம்பரை ஈடுகட்டுவதில்லை; அதனால் வெளிச்சக்கரம் தன் வெளித்தோளின் மீது உருள்கிறது. இது நிகழ்கிறதா என்பதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முன் டயர்களின் தரைப்பரப்பில் தொடங்கி, தோளைத் தாண்டி, பக்கச்சுவரில் இரண்டு விரல் அகலம்வரை சாக்பீஸால் கோடு இழுங்கள். இப்படிச் சக்கரத்தைச் சுற்றி மூன்று இடங்களில் இழுத்துவிட்டு, வழக்கமான சோதனை வளைவுகளில் ஓட்டித் திரும்பி வந்து பாருங்கள். கோடு தோளின் விளிம்போடு அழிந்திருந்தால் நிலைமை நன்று. பக்கச்சுவருக்குள் இறங்கி அழிந்திருந்தால் அழுத்தமோ உட்சாய்வோ போதவில்லை. தோளுக்கு முன்பே அழியாமல் நின்றுவிட்டால் அழுத்தம் மிகுதி.

அழுத்தத்தை 2 பிஎஸ்ஐ கூட்டிப் பார்த்தும் கோடு பக்கச்சுவரில் இறங்கினால், ஸ்ட்ரட்டை நக்கிளுடன் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாகக் கேம்பர் போல்ட்டைப் பொருத்தலாம். மையம் விலகிய தண்டு கொண்ட இந்தப் போல்ட், சுழியத்தை ஒட்டியுள்ள கேம்பரை மைனஸ் 1 முதல் மைனஸ் 1.5 பாகைவரை கொண்டுசெல்லப் பொதுவாகப் போதுமானது. அன்றாடக் காருக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. இதன் தண்டு அசல் போல்ட்டைவிட மெலிந்தது, எனவே அசல் முறுக்கு அளவைப் பயன்படுத்தாமல் உடன் வரும் தாளில் உள்ள அளவையே பயன்படுத்த வேண்டும். இறுக்கிய பின் போல்ட் தலைக்கும் ஸ்ட்ரட்டுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், நழுவியிருக்கிறதா என்பதைச் சில நாள் கழித்துக் குனிந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும். ஆகவே எப்போதும் கேம்பரை முடித்துவிட்டுத்தான் டோவைத் தொட வேண்டும்.

ஸ்ட்ரட் கோபுரங்களுக்கு இடையே பொருத்தும் இணைப்புத் தண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடல் கட்டமைப்பு இறுக்கமாக உள்ள இன்றைய சிறிய கார்களில் அதனால் கிடைக்கும் மாற்றம் மிகச் சிறியது. பானெட்டைத் திறந்தால் அழகாக இருக்கும். அண்டர்ஸ்டியர் பட்டியலில் அதற்குக் கடைசி இடம்தான்.

அறிகுறி: தாழ்வான ஸ்பிரிங் போட்ட பிறகு முன்பைவிட மோசமாகத் தள்ளுகிறது

சஸ்பென்ஷன் மேம்பாட்டில் மிகுதியாக நடக்கும் தவறு இதுவே என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் இறங்கும், பார மாற்றம் குறையும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? ஈர்ப்பு மையம் 550 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 30 மி.மீ. இறக்கினால் மொத்தப் பார மாற்றத்தில் குறைவது ஐந்தரை சதவீதம் அளவுக்குத்தான். அதே 30 மி.மீ. மெக்பெர்சன் ஸ்ட்ரட்டின் வடிவியலில் செய்யும் கேடு இதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

அசல் உயரத்தில் லோயர் ஆர்ம் உடலிலிருந்து சக்கரத்தை நோக்கிச் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். வண்டியைத் தாழ்த்தும்போது அது கிடைநிலையை அடைந்து, மேலும் தாழ்த்தினால் சக்கரப்பக்கம் மேல்நோக்கி ஏறிவிடுகிறது. அந்த நிலையில் சக்கரம் மேலும் அமுங்கினால், ஆர்மின் சக்கரப்பக்க மூட்டான பால் ஜாயிண்ட் உள்நோக்கி இழுக்கப்பட்டு, வேண்டிய உட்சாய்வு கூடுவதற்குப் பதில் குறைகிறது. அத்துடன், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம், ஈர்ப்பு மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால் வண்டியைச் சாய்க்கும் நெம்புதிறனும் கூடுகிறது. புதிய ஸ்பிரிங்கின் கூடுதல் விறைப்பில் ஒரு பகுதி, நாமே உண்டாக்கிய இந்தச் சாய்வை எதிர்ப்பதிலேயே வீணாகிறது.

இதைச் சோதிக்கச் சமதளத்தில் காரை நிறுத்தி, பக்கவாட்டில் குனிந்து, ஆர்மின் உட்புற போல்ட்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பால் ஜாயிண்ட்டின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். பால் ஜாயிண்ட் உயரத்தில் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. தீர்வு இரண்டு: நீளமான தண்டுள்ள பால் ஜாயிண்ட்டைப் பொருத்தி ஆர்மின் கோணத்தை மீட்பது, அல்லது வண்டியை 10 முதல் 15 மி.மீ. மீண்டும் உயர்த்துவது. முதல் வழியில் டை ராடின் கோணத்தையும் அதற்கேற்பச் சரிசெய்தாக வேண்டும். இரண்டாவது வழி எளிது, மலிவு, பெரும்பாலான கார்களுக்குப் போதுமானது. ஆனால் தாழ்ந்த காரை உயர்த்த மனம் ஒப்புவதுதான் கடினம்.

இன்னொரு காரணம் பம்ப் ஸ்டாப், அதாவது ஸ்ட்ரட் முழுவதும் அமுங்கும்போது உலோகம் மோதாமல் தடுக்கும் மெத்தைக் கட்டை. தாழ்த்தும்போது ஸ்ட்ரட் அமுங்குவதற்கு எஞ்சியிருக்கும் தூரம் குறைகிறது. வளைவின் நடுவில் வெளிப்பக்க முன் ஸ்ட்ரட் பம்ப் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிட்டால், அந்தக் கணத்தில் முன்பக்க விறைப்பு பன்மடங்கு உயர்ந்து, பாரம் முழுவதும் அந்த ஒரே டயர் மீது சென்று விழும். ஓட்டுநருக்கு இது, நன்றாகப் போய்க்கொண்டிருந்த கார் திடீரென்று கைவிட்டதுபோல் தெரியும். நிதானமாகத் தள்ளுவதற்கும் இப்படித் திடீரென்று தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடே முக்கியமான துப்பு. தூசிக் காப்பை மேலே தூக்கி, ஷாக்கின் பளபளப்பான தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையை, நழுவக்கூடிய அளவுக்கு மட்டும் இறுக்கி, ஷாக்கின் உடலோடு ஒட்ட வைத்துவிடுங்கள். ஓட்டி வந்து பார்க்கும்போது, ஷாக் அமுங்கிய அதிகபட்ச தூரத்தில் அது நின்றிருக்கும். அது பம்ப் ஸ்டாப்புக்குள் புகுந்திருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. தாழ்வான ஸ்பிரிங்குக்கென்றே நீளம் குறைக்கப்பட்ட ஷாக்குகளும் குட்டையான பம்ப் ஸ்டாப்புகளும் இதற்காகவே கிடைக்கின்றன. பம்ப் ஸ்டாப்பை அடியோடு அகற்றுவது தீர்வாகாது. உலோகத்தோடு உலோகம் மோதி ஷாக் உடைவதுதான் அதன் முடிவு.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பழைய ஷாக்கை விட்டுவைத்திருந்தாலும் சிக்கல்தான். ஸ்பிரிங்கின் விறைப்பை 30 சதவீதம் கூட்டினால், அதே அளவு கட்டுப்பாட்டுக்குத் தேவைப்படும் ஷாக்கின் தடையும் ஏறத்தாழ 14 சதவீதம் கூட வேண்டும். ஏற்கெனவே பாதி தேய்ந்த ஷாக்கிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ஸ்பிரிங் மாற்றும் வேலையில் ஓர் எச்சரிக்கை: அமுக்கப்பட்ட ஸ்பிரிங் உயிரைப் பறிக்கும் அளவு ஆற்றலைத் தன்னுள் வைத்திருக்கிறது. சரியான ஸ்பிரிங் கம்ப்ரெசர் இல்லாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றவே கூடாது.

அறிகுறி: வளைவிலிருந்து வெளியேற ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் தள்ளுகிறது

இங்கே இரண்டு நிலைமைகளைப் பிரித்தறிய வேண்டும். உட்பக்க முன்சக்கரம் கிறீச்சிட்டுச் சுழன்று, இஞ்சின் வேகம் மட்டும் ஏறினால், அந்தச் சக்கரத்தின் மீது பாரம் போதவில்லை. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே தரும். ஒன்று சுழன்றுவிட்டால் மற்றதற்கும் அந்த அற்ப விசையே கிடைக்கும். முன் ஸ்டெபிலைசர் பார் அசலைவிடத் தடிமனானதாக இருந்தால், அசலுக்குத் திரும்புவதே முதல் சிகிச்சை. பின்பக்கத்தை விறைப்பாக்குவதும் உட்பக்க முன்சக்கரத்தைத் தரையில் அழுத்தி வைக்க உதவும். வளைவில் உட்பக்கப் பின்சக்கரம் சற்றே காற்றில் தூக்கி நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முன்சக்கர இழுவைக் கார்களில் அது இயல்பு. ஆனால் அது தூக்கிய பிறகு பின்னச்சு சுமக்க வேறு பாரமில்லை. அதற்குமேல் பின்பக்கத்தை விறைப்பாக்கினால் பலன் கிடைக்காது. இத்தனைக்குப் பிறகும் சுழல்வது நிற்கவில்லை என்றால், ஒரு சக்கரம் மட்டும் தனியே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் ஒன்றே முழுத் தீர்வு, அதற்கு கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

சக்கரம் எதுவும் சுழலாமல், இஞ்சின் மூச்சுத்திணறியதுபோல் அடங்கி, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கினால், அது மின்னணு நிலைப்பாட்டுக் கட்டுப்பாட்டின் வேலை. அது இஞ்சின் விசையைக் குறைத்து, உட்பக்கப் பின்சக்கரத்துக்குப் பிரேக் போட்டுக் காரைப் பாதைக்குக் கொண்டுவர முயல்கிறது. எல்லையை எட்டாத மிதமான வேகத்திலேயே அது குறுக்கிட்டால், அலைன்மெண்ட்டுக்குப் பிறகு ஸ்டியரிங் கோண சென்சாரைச் சுழியமாக்க மறந்துவிட்டார்களா என்று பாருங்கள். நேராகப் போகும்போது ஸ்டியரிங் சற்றே கோணலாக நிற்பது அதற்கான அடையாளம்.

அறிகுறி: பின் ஸ்டெபிலைசர் பார் போட்ட பிறகு முன்பக்கம் நன்று, ஆனால் பின்பக்கம் நழுவுகிறது

மருந்தின் அளவு மிகுந்துவிட்டது. வளைவில் காலை எடுக்கும்போது பின்பக்கம் வெளியே எட்டிப் பார்க்கிறது என்றால், அடுத்த மழையில் அது எட்டிப் பார்ப்பதோடு நிற்காது. தண்டை மென்மையான துளைக்கு மாற்றுங்கள். துளை இல்லாவிட்டால் மெலிந்த தண்டுக்குப் போங்கள். பின் டயர்களின் நிலையையும் பாருங்கள். முன் டயர்களை மட்டும் புதிதாக்கிவிட்டுத் தேய்ந்தவற்றைப் பின்னால் போட்டிருந்தால், பாதிக் குற்றம் அதனுடையது. ஈரச் சாலையைக் கருதினால் நல்ல பள்ளமுள்ள டயர்கள் பின்னால் இருப்பதே பாதுகாப்பு. அண்டர்ஸ்டியரைக் குறைக்கிறேன் என்று இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவதை நான் ஏற்பதில்லை. நான்கையும் ஒரே தரத்தில் வைத்துக்கொள்வதே முறை. பின் டோ வெளிநோக்கி இருந்தாலும் இதே நழுவல் வரும். டார்ஷன் பீமில் இதைச் சரிசெய்யத் திருகு எதுவும் இருக்காது, பீம் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்த்து, தேவைப்பட்டால் ஹப்புக்குப் பின்னால் ஆப்புத் தகடு வைக்க வேண்டும்.

அறிகுறி: இடப்பக்கம் திரும்பும்போது மட்டும், அல்லது வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் தள்ளுகிறது

அலைன்மெண்ட் தாளில் இடது, வலது கேம்பர் அளவுகளின் வேறுபாடு அரைப் பாகைக்கு மேல் இருந்தால் அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதை முதலில் சமப்படுத்துங்கள். காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) வேறுபட்டிருந்தால் லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம், அல்லது அது பொருந்தியிருக்கும் சப்ஃபிரேம் என்ற சட்டம் கழற்றிப் பூட்டியபோது சற்று நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம். இவை இரண்டும் சரியாக இருந்தும் அறிகுறி தொடர்ந்தால், ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், கார் நான்கு சக்கரங்களிலும் நின்றிருக்கும் நிலையில், ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு. துளையும் போல்ட்டும் நேருக்கு நேர் பொருந்தாமல் இழுத்துத்தான் மாட்ட வேண்டியிருந்தால், நின்ற நிலையிலேயே பார் முறுக்கப்பட்டிருக்கிறது. நீளம் மாற்றக்கூடிய லிங்க்கைப் பொருத்தி, முறுக்கு நீங்கும் நீளத்தில் பூட்டினால் இரு பக்கமும் ஒன்றாகும்.

அறிகுறி: மேடுபள்ளமான வளைவில் கார் தானாகவே பாதை மாறுகிறது

சக்கரம் மேலும் கீழும் போகும்போது டோ மாறுவதால் இது நேர்கிறது. தாழ்த்திய கார்களில் டை ராடின் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு) கோணமும் லோயர் ஆர்மின் கோணமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதபோது இது கூடும். மேலே சொன்னபடி உயரத்தை மீட்பதே நேரடித் தீர்வு. தாழ்த்தாத காரில் வந்தால், ரப்பர் புஷ்களையும் ஷாக்குகளையும் சந்தேகப்படுங்கள். ஷாக்கை மிக விறைப்பாக வைத்திருந்தாலும் சக்கரம் மேட்டில் தாவித் தரையை விட்டு எழும். சரிசெய்யக்கூடிய ஷாக் என்றால் இரண்டு கிளிக் தளர்த்திப் பாருங்கள். கரடுமுரடான சாலைக்கு மென்மையே பிடிப்பு.

பாலியூரிதேன் புஷ்களைப் போடலாமா என்ற கேள்வி இங்கே எழும். முன் லோயர் ஆர்மின் பின் புஷ்ஷுக்கு அவை நல்ல பலன் தரும். பிரேக்கிலும் வளைவிலும் சக்கரக் கோணம் நிலையாக நிற்கும். பின் பீமின் புஷ்களை மட்டும் யோசித்தே மாற்ற வேண்டும், ஏனெனில் பல கார்களில் அந்த ரப்பரின் நெகிழ்வு, வளைவில் பின்சக்கரங்கள் நிலைகுலையாமல் இருக்கும்படி கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது.

அறிகுறி: வேலை முடிந்த பின் புதிய சத்தம்

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் "டொய்ங்" என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட்டின் பேரிங் போய்விட்டது, அல்லது ஸ்பிரிங்கின் நுனி தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை. சிறு குழிகளில் "டக் டக்" என்றால் ஸ்டெபிலைசர் லிங்க். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு தட்டல் கேட்டால் லோயர் ஆர்மின் போல்ட் இறுகவில்லை. அதை உடனே பார்க்க வேண்டும். கிறீச்சொலி பாலியூரிதேன் புஷ்ஷில் அதற்குரிய கிரீஸ் இடப்படாததால் வருவது.

சத்தம் வராமல், ஆனால் புதிய ரப்பர் புஷ் சில மாதங்களிலேயே கிழிந்துபோனால், அதன் போல்ட்டைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படி இறுக்கினால் காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கப்பட்ட நிலையிலேயே நிரந்தரமாக நிற்கும். புஷ் போல்ட்டுகளை விரலால் மட்டும் முடுக்கி, வண்டியின் எடை சக்கரங்களின் மீது வந்த பிறகே, கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை நட்டுகளை ஒருமுறை கழற்றினால் மீண்டும் பயன்படுத்தாமல் புதியதைப் போட வேண்டும்.

உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட்டின் வீச்சைச் சரிசெய்யுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சாரின் வயரும் எங்கும் இழுபடாமல், டயரில் உரசாமல் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு மாற்றம், ஓர் அலைன்மெண்ட், அதே வளைவில் ஒரு சோதனை என்ற வரிசையில் போனால், எந்தப் பாகம் எந்தப் பலனைத் தந்தது என்பதைத் தாளில் எழுதிவைக்க முடியும். பெட்டி பெட்டியாகப் பாகங்களை வாங்கி ஒரே நாளில் மாட்டியவருக்கு அடுத்த கோளாறு வரும்போது எதைக் கழற்றிப் பார்ப்பது என்றே தெரியாது.